சம்பா அறுப்பு முடிந்ததும் ஏசி ஃபில்டரைக் கழற்றுங்கள்

கார் சர்வீஸ் புத்தகத்தில், உள்ளே வருகிற காற்றை வடிகட்டும் ஏசி ஃபில்டருக்கு 10,000 அல்லது 15,000 கிலோமீட்டர், இல்லாவிட்டால் வருஷத்துக்கு ஒரு முறை என்று போட்டிருக்கும். மன்னார்குடி, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டிப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்கள் அதை நம்பி இருக்க வேண்டாம். தை, மாசியில் ஒரு வயலில் அறுப்பு மிஷின், அடுத்த வயலில் வைக்கோல் கட்டுகிற மிஷின், பாதி ரோட்டில் நெல் காயப்போட்டிருக்கும். முன்னால் போகிற லாரியிலிருந்து பதர் பறந்துகொண்டே வரும். இந்தச் சுணையும் கூளமும் முன்கண்ணாடிக்கு அடியில் உள்ள ஜாலி வழியாக இழுபட்டு நேராக ஃபில்டரில் போய்ப் படியும்.

அதனால் மாசிக் கடைசியில் புதிது போட்டுவிடுங்கள். குறுவை அறுப்பு முடிந்து ஐப்பசி மழை பிடிப்பதற்குள் இன்னொரு தடவை கழற்றிப் பாருங்கள். அடைத்த ஃபில்டரோடு மழையில் ஓட்டினால் கண்ணாடியில் படிகிற ஆவி லேசில் விலகாது.

ப்ளோயரை நாலில் வைத்தும் சத்தம்தான் கூடுகிறது, காற்று வரவில்லை, ஆனால் வருகிற கொஞ்சக் காற்று ஜில்லென்று இருக்கிறது என்றால் முதலில் ஃபில்டரைச் சந்தேகப்படுங்கள். காற்று வேகமாக வந்தும் குளிரவில்லை என்றால்தான் கேஸ் பக்கம் போக வேண்டும். இதைப் பார்க்காமலே கேஸ் ரொப்பிவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர்.

கடையில் வெறுமனே 'ஏர் ஃபில்டர்' என்று கேட்டால் இன்ஜினுக்கு உள்ளதைத் தருவார்கள். 'ஏசி ஃபில்டர்' என்று சொல்லி மாடல், வருஷம், பெட்ரோலா டீசலா எல்லாம் சொல்லுங்கள். பழையதைக் கையில் கொண்டுபோனால் இன்னும் நல்லது. நீள அகலத்தில் அரை சென்டிமீட்டர் குறைந்தாலும் ஓரத்து இடுக்கு வழியாகத் தூசி தப்பிப் போய்விடும். கரி கலந்தது விலை கூட. சாணி, சாக்கடை, லாரிப் புகை நாற்றத்துக்கு அது உதவும், தூசிக்கு மட்டும் என்றால் சாதாவே போதும்.

பெரும்பாலான கார்களில் ஃபில்டர் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். சாவியை எடுத்துவிட்டு பெட்டியைக் காலி செய்யுங்கள். பக்கவாட்டில் மெதுவாக இறங்குவதற்காக ஒரு சின்னக் கம்பியோ கயிறோ மாட்டியிருந்தால் அதை முதலில் கழற்றுங்கள். மறந்துவிட்டு இழுத்தால் அதன் கொக்கி உடையும். பிறகு பெட்டியின் இரண்டு சுவரையும் உள்பக்கமாக அமுக்கினால் தடுப்பு விலகி, பெட்டி கீழே தொங்கும். சில மாடலில் தடுப்பைத் திருகி எடுக்க வேண்டும், சிலதில் ஸ்க்ரூ இருக்கும். உள்ளே செல்போன் டார்ச் அடித்தால் நீளமான ஒரு பிளாஸ்டிக் மூடி தெரியும். அதன் கிளிப்பை அமுக்கி மூடியை எடுத்துவிட்டு, ஃபில்டரைச் சாய்க்காமல் நேராக உருவுங்கள். சாய்த்தால் மேலே கிடக்கும் சருகெல்லாம் ப்ளோயரில் விழுந்து, ஓடும்போது டக் டக் என்று சத்தம் வரும். வேப்பமரம், புங்கமரத்தடியில் நிறுத்துகிற வண்டி என்றால் இதில் கூடுதல் கவனம் தேவை.

புதியதைச் சொருகும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஓரத்தில் அம்புக்குறி போட்டு 'ஏர் ஃப்ளோ' என்று இருந்தால் அது காற்று போகிற திசை. 'அப்' என்று இருந்தால் அந்தப் பக்கம் மேலே வர வேண்டும், அவ்வளவுதான், இரண்டும் ஒன்றில்லை. பழைய ஃபில்டரின் அம்பைப் பார்த்து மாட்டலாம், ஆனால் போன தடவை போட்டவரே தலைகீழாகப் போட்டிருக்கலாம். அழுக்கைப் பாருங்கள். எந்த முகம் கறுத்திருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் காற்று வருகிறது. புதியதின் அம்பு கறுத்த பக்கத்திலிருந்து வெளுத்த பக்கம் நோக்கி இருக்க வேண்டும். நான்கு ஓரமும் மடங்காமல் உட்கார்ந்ததைத் தடவிப் பார்த்துவிட்டு, மூடியை 'டக்' என்று விழும்வரை அழுத்துங்கள். நிதானமாகச் செய்தாலும் கால் மணி நேர வேலை.

பழையதைத் தட்டி, கூளத்தை உதிர்த்துவிட்டுச் சில வாரம் ஓட்டலாம். கம்ப்ரஸர் காற்று அடித்தால் நார் கிழியும். தண்ணீரில் அலசினால் மடிப்பு தொய்ந்து, ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

அறுப்பு முடிந்தால் வயல் எலி வீட்டுக்கும் வண்டிக்கும் வரும். ஃபில்டரில் கடித்த ஓட்டை, நெல் உமி, பானெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சு தெரிந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் வரும். கையுறை, முகக்கவசம் போட்டு, பிளீச்சிங் கலந்த தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு துணியால் வழித்தெடுங்கள். ஊதவோ துடைப்பத்தால் கூட்டவோ கூடாது. வண்டியை நிறுத்தும்போது ஏசி காற்றை உள்சுற்றில் (ரீசர்குலேஷன்) வைத்துவிட்டு இறங்கினால் பல கார்களில் வெளிக்காற்று வருகிற கதவு மூடியே இருக்கும், எலி ஃபில்டர்வரை வருவது குறையும். முன்கண்ணாடி ஜாலி உடைந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

புது ஃபில்டர் போட்டும் ஊசிப்போன வாடை வந்தால், அது பெரும்பாலும் கூலிங் காயிலில் பிடித்த பூஞ்சை. வீட்டை நெருங்கும்போது ஏசியை அணைத்து, ப்ளோயரை மட்டும் சில நிமிஷம் ஓடவிட்டால் அந்தக் காயிலின் ஈரம் குறையும். இடப்பக்கத்து மிதியடி நனைந்திருந்தால் ஏசித் தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருக்கலாம். வண்டிக்கு அடியில் போய்த்தான் பார்க்க வேண்டும்.