வறண்ட நாட்களின் ஜெபம்

ஏறக்குறைய ஓராண்டு காலம், முழங்காற்படியிட்டு ஜெபித்தபோதெல்லாம் என் சொற்கள் எனக்கே அந்நியமாக ஒலித்தன. முன்பு கண்ணீர் வரவழைத்த வசனங்கள்கூட வெறும் எழுத்துகளாகவே நின்றன. தேவன் என்னைக் கைவிட்டுவிட்டாரோ என்று கலங்கிய அந்நாட்களில்தான் வேதாகமத்தின் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை மீண்டும் வாசித்தேன்.

கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்ட எலியா தீர்க்கதரிசி, வெகு விரைவிலேயே சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவை வேண்டுகிறார். தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூதன் வழியாகத் தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் அனுப்பினார். 40 நாள் நடந்து ஓரேப் மலையை அடைந்த பிறகே தேவனுடைய மெல்லிய சத்தம் அவருக்குக் கேட்கிறது. அதைக் கேட்டபின்னும் எலியாவின் புலம்பல் மாறவில்லை என்பதையும், முன்பு சொன்ன வார்த்தைகளையே அவர் திரும்பச் சொல்கிறார் என்பதையும் நான் அதுவரை கவனித்ததே இல்லை. அப்படியிருந்தும், தமக்குப் பின் தீர்க்கதரிசியாக எலிசாவை அபிஷேகம்பண்ணும் பணியைக் கர்த்தர் அவரிடம் ஒப்படைத்தார்.

உள்ளம் உயிர்பெற்ற பிறகே ஊழியம் என்று காத்திருந்த எனக்கு இது பெரும் விடுதலையாக இருந்தது. எங்கள் சபையில் நோயுற்றிருந்த ஒரு மூதாட்டிக்கு வாரந்தோறும் சங்கீதம் வாசிக்கத் தொடங்கினேன். இருளிலேயே முடிகிற 88ஆம் சங்கீதத்தை அவர் விரும்பிக் கேட்பார். என் வறட்சி உடனே நீங்கிவிடவில்லை. ஆயினும் அவருக்காக வாசித்த வசனங்களை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.