வலி இல்லை என்பவர்கள்

"வலியே இல்லை டாக்டர், எல்லாம் சரியாகிவிட்டது." இம்ப்ளான்ட், அதாவது செயற்கைப் பல்லைத் தாங்கத் தாடை எலும்பில் இறக்கும் திருகு, வைத்துக்கொண்டவர்கள் மூன்றாவது வாரம் வந்து உட்கார்ந்ததும் சொல்வது பெரும்பாலும் இதுதான். வேர் சிகிச்சை முடித்தவரோ கடைவாய்ப் பல் பிடுங்கியவரோ இப்படிச் சொன்னால் எனக்கும் நிம்மதி. இம்ப்ளான்ட் வைத்தவர் சொன்னால் மட்டும், "சரி, எந்தப் பக்கம் மெல்கிறீர்கள்?" என்று உடனே கேட்டுவிடுவேன்.

தாடையில் துளையிட்டு டைட்டானியம் திருகை இறக்கியதும் எலும்பு அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அது மரத்தில் ஆணி நிற்கிற மாதிரியான பிடிதான். அதற்கப்புறம் உடம்பு தன் வேலையைத் தொடங்குகிறது: துளையிட்டதில் அடிபட்ட எலும்பைக் கரைத்துவிட்டு அங்கே புதிய எலும்பை வளர்க்கும். பழையது கரைந்து, புதியது இன்னும் கெட்டிப்படாத கட்டம் ஏறக்குறைய மூன்றாவது, நான்காவது வாரத்தில் வருகிறது. வைத்த அன்றைவிடத் திருகு பலவீனமாக இருப்பது அப்போதுதான். ஈறோ அதற்குள் ஆறி, வீக்கம் வடிந்து, தையலும் பிரித்தாகியிருக்கும். ஆள் தைரியமாக அந்தப் பக்கமே மெல்லத் தொடங்கிவிடுவார்.

இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் அறுவை சிகிச்சையைவிட எனக்குச் சிரமமான வேலை. கீழ்த்தாடை என்றால் வழக்கமாக மூன்று மாதம், மேல்தாடையில் எலும்பு மென்மையாக இருப்பதால் ஆறு மாதம் வரைகூடக் காத்திருக்கச் சொல்வோம். அன்றைக்கே பல் வைக்கலாம் என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். சிலருக்கு வைக்கலாம்தான், பொய்யில்லை. ஆனால் ஒற்றைப் பல் என்றால் அந்தத் தற்காலிகப் பல் பொதுவாக எதிர்ப் பல்லைத் தொடாதபடிதான் இருக்கும்; பார்க்கத்தான் பல், கடிக்க அல்ல.

எலும்பும் டைட்டானியமும் ஒட்டிக்கொள்ளும் என்பதே தற்செயலாகத் தெரியவந்தது. 1952-இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனமார்க், எலும்புக்குள் ரத்தம் ஓடுவதைப் பார்க்க முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவியைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து எடுக்கப் பார்த்தால் வரவில்லை. 1965-இல் அவர் முதன்முதலாகப் பல் இம்ப்ளான்ட்டுகள் வைத்த ஆள் யோஸ்தா லார்சன். 2006-இல் இறக்கும் வரை லார்சனுக்கு அவை பயன்பட்டன. நோயாளிகளுக்கு இந்தக் கதை பிடிக்கும். "அப்போ ஆயுளுக்கும் கவலையில்லை" என்பார்கள். அங்கேதான் எனக்குக் கொஞ்சம் பயம் வரும்.

சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய தசைநார் இருக்கிறது. கடிக்கும்போது பல் கண்ணுக்குத் தெரியாத அளவு அமுங்கும். எவ்வளவு அழுத்தம் என்பதும் மூளைக்குத் தெரிந்துவிடும். இம்ப்ளான்ட்டில் அது கிடையாது. திருகின் மேல் கேப், அதாவது பல் வடிவ உறை, மாட்டுகிற நாளில் இது நன்றாகத் தெரியும். சொந்தப் பல்லுக்குக் கேப் போட்டால், கொஞ்சம் உயர்ந்திருந்தாலும் "தட்டுகிறது" என்று உடனே சொல்லிவிடுவார்கள். இம்ப்ளான்ட்டில் "பிரமாதமாக இருக்கிறது" என்பார்கள்; கடி படும் இடத்தில் நிறம் ஒட்டும் நீலத்தாளை வைத்துக் கடிக்கச் சொன்னால் கேப்பின் மேல் அடர்த்தியாக ஒரு பொட்டு விழும். அதைத் தேய்த்துவிட்டு, மிக மெல்லிய உலோகத்தாளை வைத்துப் பார்ப்பேன். மெதுவாகக் கடித்தால் தாள் உருவிக்கொண்டு வரவேண்டும், அழுத்திக் கடித்தால் பிடிபட வேண்டும். பக்கத்துப் பற்கள் அமுங்கும், இது அமுங்காது. அதற்கான இடைவெளி அது. ஓர் அம்மா சிரித்துக்கொண்டே, "என்னைக் கேட்கிறீர்கள், அப்புறம் தாளை நம்புகிறீர்கள்" என்றார். உண்மைதான். அந்த ஒரு பல் விஷயத்தில் அவரைவிடத் தாளுக்குத்தான் அதிகம் தெரியும்.

கேப் மாட்டிய அன்றே ஓர் எக்ஸ்-ரே எடுத்து வைத்துவிடுவேன். பின்னால் ஒப்பிட அதுதான் ஆதாரம். இம்ப்ளான்ட் சொத்தையாகாது, ஆனால் அதைச் சுற்றி அழுக்குப் படிந்தால் ஈறு வீங்கும், பிறகு எலும்பு கரையும். ஈறு நோயால் பல்லை இழந்தவர்களுக்கும், புகைப்பவர்களுக்கும், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். பல்லே போய்விட்டது, இனி நோய் எங்கே வரும் என்று முதல் வகையினர் நினைப்பதும் இயல்புதான். அதனால் மறுபரிசோதனைக்கு வருகிறவர்களிடம் எங்கள் உதவியாளர் முதலில் கேட்பது, "தேய்க்கும்போது ரத்தம் வருகிறதா?" என்றுதான்.

மறுபரிசோதனைக்கு வராமலேயே சில வருடம் இருந்துவிட்ட ஒருவர், வேறு பல்லில் அடைத்த சிமென்ட் விழுந்ததற்காக வந்தார். எக்ஸ்-ரேயில் அவருடைய இரண்டு இம்ப்ளான்ட்டுகளைச் சுற்றியும் எலும்பு கிண்ணம் போலக் குழிந்திருந்தது. ஒன்றில் பாதித் திருகு வெளியே நின்றது. ஆட்டிப் பார்த்தால் ஆடவில்லை. மிச்சமிருக்கிற எலும்பு கடைசிவரை இறுகப் பிடித்திருக்கும் என்பதால் ஆட்டத்தை வைத்தும் சீக்கிரம் கண்டுபிடிக்க முடியாது. "வலித்திருந்தால் வந்திருப்பேனே டாக்டர்" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது?

ஒன்றை ஈறு திறந்து சுத்தம் செய்து நிறுத்திவைத்தோம்; இழந்த எலும்பு திரும்பி வரும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. மற்றதைக் கழற்ற வேண்டியதாயிற்று. அடியில் பிடித்திருந்த எலும்பு அதையும் லேசில் விடவில்லை. புண் ஆறியதும் அதே இடத்தில் மறுபடி வைக்கலாமா என்று கேட்டார். சிகரெட்டை விட்டுவிட்டு வாருங்கள், ஸ்கேன் எடுத்துப் பார்த்துப் பேசலாம் என்றேன்.