ரிட்டன் லோடு

2018-இல் நான் பட்டுக்கோட்டையில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் இருந்தேன். ஆபீஸ் என்றால் இரண்டு போன், ஒரு நீள நோட்டு, சுவரில் வாடகை எழுதிப்போட ஒரு கரும்பலகை, அவ்வளவுதான். தேங்காய் வியாபாரி கூப்பிட்டு "காங்கேயத்துக்கு ஒரு வண்டி வேணும் தம்பி" என்பார், டிரைவர் கூப்பிட்டு "லோடு இருக்காண்ணே" என்பார், இரண்டு பேரையும் சேர்த்துவிட்டு நடுவில் கமிஷன் எடுப்போம். பேராவூரணி, ஒரத்தநாடு பக்கத்துத் தோப்புகளில் இறக்கிய காய் கொப்பரைக் களங்களுக்குப் போகும், அதே வண்டி திரும்பும்போது கோவை, கரூர் பக்கம் சிமெண்டோ ஷீட்டோ மளிகையோ ஏற்றிக்கொண்டு வரும். அந்த ரிட்டன் லோடு கிடைக்கும் என்கிற தைரியத்தில்தான் ஓனர்கள் வாடகையைக் குறைத்துப் பேசுவார்கள். தினமும் அந்த வேலையிலேயே கிடந்தும் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு கஜா புயலுக்கு அப்புறம்தான் உறைத்தது.

அந்த வருடம் முழுக்கவே டீசல் பேச்சுதான். முந்தைய வருடம் ஜூனிலிருந்து விலை தினமும் காலை ஆறு மணிக்கு மாற ஆரம்பித்திருந்தது. முன்பெல்லாம் ஒரேயடியாக இரண்டு ரூபாய் ஏற்றுவார்கள், நாமும் ஒரு நாள் கத்தித் தீர்ப்போம். இது பத்து பைசா, இருபது பைசா என்று ஏறியதில் எந்த நாளில் கத்துவது என்றே தெரியவில்லை. ஜனவரியில் சென்னையில் 63 ரூபாயை ஒட்டியிருந்த டீசல் அக்டோபர் தொடக்கத்தில் 80-ஐத் தொடுகிற மாதிரி நின்றது. ஜூலையில் எட்டு நாள் லாரி ஸ்டிரைக் வேறு. ஈரான் மேல் அமெரிக்கா தடை போடப் போகிறது, கச்சா எண்ணெய் பீப்பாய் 86 டாலருக்குப் போய்விட்டது என்று பேப்பரில் படித்ததை டிரைவர்களிடம் அளப்பேன். "அது கிடக்கட்டும்ணே, எங்க பேட்டாவை ஏத்தச் சொல்லுங்க" என்பார்கள்.

ஒரு மத்தியானம் வேலையில்லாமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து டயர் வண்டி லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் ஓடும். காங்கேயம் போய்வர ஏறக்குறைய 120 லிட்டர். லிட்டருக்குப் பதினேழு ரூபாய் கூடியிருந்தால் நடைக்கு இரண்டாயிரம் ரூபாய் கூடுதல் செலவு. வண்டியில் ஏறுவது இருபதாயிரம் காய்க்கு மேலே, ஆக ஒரு காய்க்குப் பத்து பைசாகூட வரவில்லை. ஆனால் ஒரு வியாபாரி எங்கள் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே தோப்புக்காரரிடம் போனில் "டீசல் ஏறிப்போச்சுய்யா, கட்டுப்படியாகலை" என்று காய்க்கு ஐம்பது பைசா குறைத்ததை இதே காதால் கேட்டேன். போனை வைத்த கையோடு என் பக்கம் திரும்பி, வாடகையை ஏற்றாதே என்று சண்டை போட்டார். அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. இரண்டாயிரம் செலவுக்கு எங்கள் பலகையில் மூவாயிரம் ஏறியிருந்தது. கமிஷன் சதவீதக் கணக்கு என்பதால் எனக்கும் அந்தத் தீபாவளிக்குக் கொஞ்சம் கூடவே வந்தது. வாங்கிக்கொண்டேன்.

தீபாவளி முடிந்து பத்தாவது நாள், நவம்பர் 16, விடிவதற்குள் கஜா முடித்துவிட்டுப் போயிருந்தது. வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் கரை ஏறி உள்ளே வந்த காற்று. காலையில் நான் பார்த்த தோப்புகளில் வானம் தெரிந்தது. பகலிலும் இருட்டாக இருந்த தோப்புகள் அவை. நாலு மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன; எங்கள் தெருவுக்கு கரண்ட் வரப் பன்னிரண்டு நாள் ஆனது, கிராமங்களில் அதற்கும் மேலே.

கரண்ட் இல்லையென்றால் பெட்ரோல் பங்கில் டீசலும் இல்லை என்பது அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. தரைக்கு அடியில் எண்ணெய் இருக்கிறது, இறைக்க மோட்டார் ஓட வேண்டும். ஜெனரேட்டர் வைத்து ஓட்டிய பங்குகளில் கேனோடு நின்ற கூட்டத்தில் பாதிப் பேர் வாகனத்துக்கு வந்தவர்களே இல்லை, ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு வாடகை ஜெனரேட்டர் பிடித்திருப்பவர்கள், வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் செய்து வந்திருந்தார்கள். கார்டு ஓடாது, ஏடிஎம் ஓடாது, கையில் காசு இருந்தால்தான். விலை எவ்வளவு என்று அந்த வரிசையில் ஒருவர்கூடக் கேட்டு நான் பார்க்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால் அந்த வாரங்களில் டீசல் விலை இறங்கிக்கொண்டிருந்தது. ஈரான் எண்ணெய் வாங்க இந்தியா உட்பட எட்டு நாடுகளுக்கு அமெரிக்கா தற்காலிகமாக விலக்கு கொடுத்துவிட, உலகச் சந்தையில் விலை சரிந்தது. வருடம் முடிவதற்குள் டீசல் 70-க்குக் கீழே வந்துவிட்டது. எங்கள் பலகையில் வாடகை மட்டும் ஏறியது. நிவாரணச் சாமான்களை வாடகையே வாங்காமல் கொண்டுவந்த ஓனர்களை எனக்குத் தெரியும், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆனால் தார்ப்பாய், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், ஆணி என்று கடைச்சரக்கு ஏற்றி வருகிற வண்டி திரும்பிப் போக எங்களிடம் ஏதுமில்லை. விழுந்த காய்களில் பாதி முற்றாதவை, களத்தில் எடுக்க மாட்டேன் என்றார்கள். தோப்புக்குள் போகப் பாதையும் இல்லை. காலி வண்டியாகத் திரும்ப வேண்டும் என்பதால் போகிற டீசல், வருகிற டீசல் இரண்டையும் ஒரே லோடின் தலையில் கட்டினார்கள்.

கூரை பறிபோன ஒருவர் ஷீட் வாங்கிய பில்லை எடுத்துக்கொண்டு நேராக ஆபீசுக்கே வந்துவிட்டார். "டீசல் குறைஞ்சிருச்சுங்கிறாங்க, வண்டிக்கூலி மட்டும் எப்படித் தம்பி கூடும்?" ரிட்டன் லோடு கதையை நான் ஆதியோடந்தமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப என் தோப்பு விழுந்ததுக்கு நான்தான் வாடகை கட்டணும்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை, டீ சொல்லியனுப்பினேன். விழுந்த மரத்துக்கு அரசாங்கம் அறிவித்தது 1,100 ரூபாய், அதில் 500 வெட்டி அப்புறப்படுத்தும் கூலி. இருபது வருட மரம், இன்னும் முப்பது வருடமாவது காய்க்க வேண்டியது.

காய் லோடுகள் அதற்கப்புறம் பழையபடி வரவேயில்லை. முதலாளி மூன்று வண்டியில் இரண்டை விற்றார். டீசல் விலை இறங்கிய பிறகும் பலகையில் எழுதிய வாடகையை ஏன் அழிக்கவில்லை என்று ஒருமுறை கேட்டதற்கு, "நீ அழி, டியூவை யார் கட்டுறது?" என்றார். வண்டியே ஓடாமல் நின்றாலும் மாதத் தவணை நிற்காது என்பது அவர் பக்கத்து நியாயம்.

நான் அப்புறம் திருச்சிக்கு மாறிவிட்டேன், அதே தொழில்தான். 2023-இல் அந்த ஷீட் பில்காரர் எப்படியோ நம்பரைப் பிடித்துக் கூப்பிட்டார். புயலுக்கு அப்புறம் வைத்த குட்டை ரகக் கன்றுகள் காய்ப்புக்கு வந்துவிட்டனவாம், அக்கம்பக்கத்தோடு சேர்த்தால் ஒரு சின்ன வண்டி லோடு தேறுமாம். டீசல் அப்போது 94 ரூபாய்க்கு மேல். வாடகை எவ்வளவு சொன்னால் கோபப்படாமல் இருப்பார் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கேட்டார்: "தம்பி, இந்தப் பக்கம் சரக்கு இறக்கிட்டுக் காலியாப் போற வண்டி ஏதாவது இருக்கா?"