டாப் வியூவில் பிளான் ஒற்றைக் கோடாத் தெரியுதா?

ஆட்டோகேட்ங்கிற வரைபட மென்பொருள்ல ஃபிரண்ட் வியூவுக்குப் போனா யூசிஎஸ்ஸும் (எக்ஸ், ஒய், இசட் அச்சுகள் எந்தப் பக்கம்னு சொல்ற அமைப்பு) கூடவே திரும்பிடும். அங்க வரைஞ்ச பிளான் எக்ஸ்-இசட் தளத்தில் சுவர் மாதிரி நிக்கும். லிஸ்ட் கட்டளை கொடுத்துப் பாருங்க, இசட் மதிப்பு காட்டிக்கொடுத்துடும். தயவுசெஞ்சு ஃபிளாட்டன் (தட்டையாக்குற கட்டளை) போடாதீங்க, மொத்தப் படமும் ஒரே கோட்டில் நசுங்கிடும். வெறும் ரொட்டேட்டும் உதவாது, அது நடப்பு இசட் அச்சைச் சுற்றித்தான் திருப்பும்.

முதல்ல லாக், ஃப்ரீஸ் ஆன லேயர்களைத் திறந்துவிடுங்க; இல்லேன்னா அதுல இருக்கிறதெல்லாம் நின்னபடியே நிக்கும். யூசிஎஸ்ஸை வேர்ல்டுக்கு, அதாவது மூல நிலைக்கு, மாத்துங்க. அப்புறம் இந்த வரிசையில் கொடுங்க: ரொட்டேட்3டி கட்டளை, ஆல் (எல்லாத்தையும் தேர்ந்தெடுக்க), எக்ஸ் அச்சு, புள்ளி 0,0,0, கோணம் -90.

எழுத்தெல்லாம் தண்ணியில் தெரியிற பிம்பமா மேல்கீழாப் புரண்டிருந்தா +90 கொடுத்திருக்கீங்க. அன்டூ பண்ணிக் குறியை மாத்துங்க, மிரர் வேண்டாம். இனி இப்படி ஆகாம இருக்க, யூசிஎஸ்ஆர்த்தோங்கிற செட்டிங்கை 0 ஆக்கிட்டா வியூ மாறினாலும் யூசிஎஸ் அசையாது.