பந்துகளை எண்ணுங்கள்

பேஸ்போலுக்கு அனுப்பினால் பிள்ளைக்கு அடிபடாதா என்று வெள்ளவத்தையில் என்னிடம் கேட்கிற அம்மாமார் எல்லாருக்கும் பயம் ஒன்றுதான், பந்து முகத்தில் படுமோ என்று. நியாயமான பயம். ஆனால் பத்து, பதினொரு வயதுப் பிள்ளையின் முழங்கையும் தோளும் எறிந்து எறிந்தே கெட்டுப்போகலாம் என்பதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை.

வளர்கிற பிள்ளைக்கு எலும்பின் நுனியில் இன்னும் குருத்தெலும்புதான் இருக்கும். வேகமாக எறியும்போது முழங்கையின் உட்பக்கம் இழுபடும், அந்த இடம்தான் முதலில் பழுதாகும். ஒரே நாளில் நடப்பதில்லை. அதனால்தான் அமெரிக்காவில் சிறுவர் பேஸ்போலை நடத்துகிற லிட்டில் லீக் 2007இல், எத்தனை இன்னிங்ஸ் எறிந்தான் என்ற கணக்கை விட்டுவிட்டு, பிட்சர், அதாவது மட்டையாளருக்குப் பந்தெறிகிறவர், எறிகிற பந்துகளையே எண்ணத் தொடங்கியது. ஒரு நாளில் 7-8 வயதுக்கு 50 பந்து, 9-10க்கு 75, 11-12க்கு 85, 13-16க்கு 95. அதோடு முடியவில்லை: 14 வயதும் அதற்குக் குறைவும் என்றால், 66 பந்தோ அதற்கு மேலோ எறிந்தால் நான்கு நாள் ஓய்வு, 21 முதல் 35 வரை என்றாலும் ஒரு நாள் ஓய்வு. 41 பந்தோ அதற்கு மேலோ எறிந்த பிள்ளை அன்றைக்குக் கேட்சராக, அதாவது மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கிறவராக, நிற்கவும் முடியாது, ஏனென்றால் கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறவன்தானே.

இந்த எண்களை அப்படியே எடுத்து இங்கே வைத்தால் போதாது, அதையும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் வெறும் பேஸ்போல் பிள்ளைகள் இல்லை. காலையில் தியகம பேஸ்போல் மைதானத்தில் பிட்ச் பண்ணிவிட்டு, ஹைலெவல் வீதி நெரிசலில் ஊர்ந்து வீடு வந்து, பின்னேரம் பாடசாலை கிறிக்கெட் பயிற்சியில் எல்லைக்கோட்டில் இருந்து பந்தெறிகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், ஊரில் மட்டையால் பந்தடித்து ஓடுகிற எல்லே விளையாட்டு என்றால் அதுவும் உண்டு. ஆட்டத்துக்கு முன் கையைச் சூடாக்க வோர்ம் அப்பில் எறிவதை லிட்டில் லீக் கணக்கில் சேர்ப்பதில்லை, ஆனால் கை அதையும் எறியத்தானே செய்கிறது. அமெரிக்க பேஸ்போல் வழிகாட்டிகளில் ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுவரை வருடத்தில் நான்கு மாதமாவது எறிதலே இல்லாமல் கைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்கிறார்கள், நம்மிடம் ஒரு பருவம் முடிய அடுத்த விளையாட்டு தொடங்கிவிடுகிறது. இரண்டு கோச்மாரும் ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை, ஆகவே முழுக்கணக்கு பெற்றோர் கையில்தான் இருக்கிறது. கொப்பியும் பேனாவும் போதும். எண்ணிக்கொண்டிருங்கள், எல்லை நெருங்கும்போது எழும்பிப் போய் “சேர், பிள்ளைக்கு எழுபது ஆச்சு” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். இறுதிப்போட்டி என்றாலும் சொல்லுங்கள். நல்ல கோச் கோபப்படமாட்டார். முழங்கை நோகிறது என்று பிள்ளை சொன்னால் தைலம் பூசி அடுத்த நாள் அனுப்பாதீர்கள், வைத்தியரிடம் காட்டுங்கள்.

சரி, அடிபடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பட்டிங் ஹெல்மட் இரண்டு காதையும் மூட வேண்டும். கேட்சருக்கு முகக்கவசம், தொண்டைக் காப்பு, நெஞ்சுக் காப்பு, இடுப்புக்குக் கீழே காக்கிற கப் எல்லாம் வேண்டும், பயிற்சியிலும்தான். நெஞ்சில் பந்து படுவதை லேசாக எடுக்கக்கூடாது: இதயத்துடிப்பின் ஒரு குறிப்பிட்ட கணத்தில் பட்டால், எலும்பு முறியாமலே இதயத்தின் ஓட்டம் குழம்பிவிடும். பிள்ளை அப்படியே விழும். முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்கிற நேரம் இல்லை அது, உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும், இன்னொருவர் 1990 அம்புலன்ஸுக்கு அழைக்க வேண்டும், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கிற ஏஈடி கருவி பக்கத்தில் இருந்தால் ஓடிப்போய் எடுத்துவர வேண்டும். பிள்ளையைச் சேர்க்கும் முன்பே கோச்சிடம் கேளுங்கள்: இங்கே நெஞ்சை அழுத்தத் தெரிந்தவர் யார், கருவி எங்கே?

கொழும்பு வெக்கையில் தாகம் எடுத்தபிறகு தண்ணீர் கொடுப்பது பிந்தியது. இன்னிங்ஸுக்கு இன்னிங்ஸ் குடிக்கட்டும், நிழலில் இருக்கட்டும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி வரும். முதல் இடிச் சத்தத்தோடு எல்லாரும் மைதானத்தை விட்டு கட்டடத்துக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ போக வேண்டும், கையில் உலோக மட்டையோடு மரத்தடியில் நிற்கக்கூடாது. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் போனபிறகுதான் திரும்ப இறங்கலாம். இடையில் இன்னொரு இடி கேட்டால் முப்பதை முதலில் இருந்து எண்ணுங்கள்.