சோழகத்தைக் கேட்கப் போனேன்

மீனவரின் காற்றறிவு பற்றிய ஆய்வுக்கு நான் எழுதிய வினாக்கொத்தின் முதல் கேள்வி இது: "இயற்கைக்கும் உங்கள் சமூகத்துக்கும் உள்ள உறவை எப்படி விவரிப்பீர்கள்?" எழுதிய அன்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையில் பன்னிரண்டு பேரிடம் கேட்டேன். அநேகமாக எல்லாருமே "கடல் எங்களுக்குத் தாய்" என்றார்கள். பதின்மூன்றாவது ஆள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு அப்பு. கேள்வியை முழுக்கக் கேட்டுவிட்டு, "இயற்கை எண்டால் என்ன பிள்ளை, காத்தைக் கேக்கிறியோ கடலைக் கேக்கிறியோ?" என்றார். "காத்து" என்றேன். அன்றோடு வினாக்கொத்து பைக்குள் போய்விட்டது.

அதற்கு முன்னர் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். மக்களோடு பழகி அவர்கள் வாழ்வை எழுதும் இனவரைவியல் ஆய்வென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். என் விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. ஒவ்வொருவரிடமும் எழுத்தில் ஒப்புதல் கையெழுத்து வாங்க வேண்டும் என்றார்கள். சரியென்று படிவங்களோடு போனால், பேனாவைக் கண்டதும் பேச்சு நின்றுவிடும். போர்க்காலத்தில் படையினரிடம் பாஸ் எடுத்துக் கடலுக்குப் போன காலத்தைக் கண்ட கரை இது. பெயரும் கையெழுத்தும் கேட்டு வருகிறவரை இங்கே யாரும் சும்மா நம்பிவிடுவதில்லை. கடைசியில் வாய்மொழி ஒப்புதலை ஒலிப்பதிவு செய்தால் போதும் என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன். அதற்குள் மூன்று மாதம் போய்விட்டது. விண்ணப்பிக்கும்போதே இதைக் கேட்டிருக்கலாம்.

படிவம் போனாலும் இன்னொரு கேள்வி மிச்சம் இருந்தது. அது என்னிடம் கேட்கப்படும் கேள்வி: "எவடம்? ஆற்றை பிள்ளை?" எந்த இடம், யாருடைய பிள்ளை என்று அர்த்தம். யாழ்ப்பாணத்தில் இதன் அடியில் சாதியும் கிடக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். நான் தோட்டக்காரக் குடும்பத்துப் பிள்ளை. மறைக்காமல் சொன்னேன். சில வீடுகளில் தேத்தண்ணி தந்துவிட்டு, நான் குடிக்கிறேனா என்று பார்த்தார்கள். குடித்த பிறகுதான் கதை வந்தது. களக்குறிப்பில் இதை எப்படி எழுதுவதென்று இன்னும் யோசிக்கிறேன்.

அப்புவிடம் போக நல்ல நேரம் பின்னேரம். காலையில் மீன் விற்றுக் களைத்திருப்பார். வலையின் ஒரு முனையை என் கையில் தந்துவிட்டுப் பேசுவார். வடக்கேயிருந்து வரும் காற்று வாடை, தெற்கேயிருந்து சோழகம், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான். (நிலக்கடலையைக் கச்சான் என்றே சொல்லி வளர்ந்த எனக்குக் கடைசிப் பெயரில் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.) சோழகம் எங்கள் வடக்குக் கரையில் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அதனால் கரையோரம் அலை அடங்கிக் கிடக்கும். அதே சோழகம் தீவுப்பகுதியின் தென்கரையில் கடலைக் கிளப்பிவிடும். வாடையோ கடலிலிருந்து நேரே எங்கள் மேல் வந்து விழும். ஒரே காற்று ஒரு கரைக்கு உறவு, இன்னொரு கரைக்குப் பகை. "யாழ்ப்பாண மீனவரின் காற்றறிவு" என்று நான் வைத்திருந்த தலைப்பு அங்கேயே உடைந்தது.

சோழகம் எப்போது விடும் என்று கேட்டேன். மாதக் கணக்குச் சொல்லவில்லை. "வல்லிபுரக்கோயில் தீர்த்தம் முடியட்டும்" என்றார். புரட்டாசிப் பூரணையில் சுவாமி கடலுக்குத் தீர்த்தமாடப் போகும் திருவிழா அது. 'மரபு' என்று ஒரு பத்தி, 'இயற்கை' என்று ஒரு பத்தி போட்டு அட்டவணை கீறி வைத்திருந்தேன். இந்தப் பதிலை எதில் எழுதுவது? வாடைக்கும் இப்படித்தான். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் பட்டம் ஏற்றுகிற காற்று அது. பட்டத்தில் பூட்டிய விண் என்ற ஒலிக்கருவி இரவில் கூவும். அந்தச் சத்தம் ஏறி இறங்குவதைப் பாயில் படுத்தபடியே கேட்டு, விடியக் கடலுக்குப் போகலாமா என்று கணிப்பாராம். வருடங்களையும் எண்ணால் சொல்லமாட்டார். 1964 அவருக்குப் "புயலடிச்ச வருசம்", 2004 "சுனாமி வருசம்".

ஒலிப்பதிவு பெரிய ஏமாற்றம். காற்றைப் பற்றிய பதிவில் காற்றுத்தான் அதிகம் கேட்டது. கைப்பேசியைக் கைலேஞ்சியில் சுற்றி, மீனவர் குடிலான வாடிக்குப் பின்புறம் உட்கார்ந்த பிறகுதான் குரல் விளங்கியது. ஒரு மணி நேரப் பேச்சை எழுத எனக்கு ஏழு மணி நேரம் பிடித்தது. அவர் பேசியபடியே எழுதினேன். அதைத் திருத்தமான தமிழுக்கு மாற்றச் சொன்னார்கள், நான் மாற்றவில்லை.

எழுதி முடித்ததைக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். நான் கீறியிருந்த காற்றுப் படத்தைப் பார்த்ததும் நிறுத்தச் சொன்னார். வாடை தெற்கு நோக்கிப் போகிறது என்று அம்பின் கூரில் பெயரை எழுதியிருந்தேன். "காத்து எங்கை போகுதெண்டு ஆருக்கு வேணும்? எங்கையிருந்து வருகுதெண்டு எழுது பிள்ளை" என்று பேனாவை வாங்கி நான்கு பெயரையும் வெட்டி மாற்றினார். கையெழுத்துப் போட மறுத்த கை அது. அந்தத் தாளை அப்படியே பின்னிணைப்பில் வைத்துக் கட்டிவிட்டேன்.