கூந்தன்குளத்துக்கு ஏற்ற லென்ஸும் ஹெட்டும்

பாளையங்கோட்டையிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டியை எடுத்தால், வெளிச்சம் வருவதற்குள் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தின் குளக்கரையில் நிற்கலாம். தை மாதத்தில் வரித்தலை வாத்துகள் குளத்தின் நடுவே கூட்டமாக உட்கார்ந்திருக்கும். இமயமலையைத் தாண்டி வந்த விருந்தாளிகள். கரையில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் இன்னும் உள்ளே தள்ளிப் போய்விடும். ஊருக்குள் நிலைமை வேறு. தெருவோர மரங்களில் சங்குவளை நாரைகள் கூடு கட்டியிருக்கும், நாற்பது அடி தூரத்தில்.

லென்ஸ் தேடியபோது இந்த இரண்டு தூரங்களும்தான் என் மனதில் இருந்தன. நிக்கானின் 500 எம்எம் எஃப்/5.6 பிஎஃப் என்ற ஜூம் இல்லாத லென்ஸ் மீது எனக்கு ரொம்ப நாளாக ஆசை. 1460 கிராம்தான், கையிலேயே பிடித்து எடுக்கலாம். ஆனால் என் டி7500 கேமராவின் சென்சார் சிறியது, அதில் பொருத்தினால் காட்சி 750 எம்எம் லென்ஸ் அளவுக்கு நெருங்கிவிடும். கூட்டில் நிற்கும் நாரையின் தலையும் கழுத்தும் மட்டும்தான் ஃபிரேமுக்குள் வரும். தெருவில் பின்னால் நகரவும் இடம் கிடையாது. அதனால் 200-500 எஃப்/5.6 ஜூம் லென்ஸைப் பழையதாக வாங்கினேன். விலையும் எனக்குக் கட்டுப்படியானது. எடை 2.3 கிலோ, கேமராவோடு மூன்று கிலோ. எனக்கு 52 வயது, வலது தோளில் பழைய வலி வேறு. ட்ரைபாட் இல்லாமல் முடியாது.

தப்பு செய்தது ஹெட்டில்தான், அதாவது ட்ரைபாடின் உச்சியில் லென்ஸைத் தாங்கித் திருப்பும் பகுதியில். பத்து கிலோ தாங்கும் என்று கடையில் சொன்னார்கள் என்று ஒரு பால் ஹெட் வாங்கினேன். இறுக்கி வைத்தால் தாங்கத்தான் செய்தது. ஆனால் பறக்கும் பறவையைத் தொடர வேண்டுமானால் திருகைத் தளர்த்தியாக வேண்டுமே. ஒரு மீசை ஆலாவைத் தொடர்ந்தபோது லென்ஸ் முன்பக்கமாகச் சாய்ந்து ட்ரைபாட் காலில் மோதி, லென்ஸ் முனையில் மாட்டும் வெயில் மறைப்பான ஹுட்டில் கீறல் விழுந்துவிட்டது. நல்லவேளை, கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. பால் ஹெட்டில் மொத்த எடையும் உருண்டைக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. கொஞ்சம் தளர்ந்தாலும் ஏதாவது ஒரு பக்கம் கவிழத்தான் பார்க்கும்.

அதனால் கிம்பல் ஹெட்டுக்கு மாறினேன். லென்ஸைத் தொட்டில் மாதிரி ஒரு தாங்கியில் வைக்கும் அந்த ஹெட்டில் அச்சும் லென்ஸின் எடை மையமும் ஒரே மட்டத்தில் நிற்கும், தராசு மாதிரி. அந்தச் சமநிலையை நாம்தான் கொண்டுவர வேண்டும். முதலில் ஜூமை 500-க்கு நீட்டுங்கள். இந்த லென்ஸ் நீளும்போது எடை முன்னால் நகர்கிறது, படம் எடுக்கப்போவதும் 500-இல்தான். அப்புறம் திருகைத் தளர்த்தி, லென்ஸ் மூக்கு தாழ்ந்தால் பின்னுக்கும், வால் தாழ்ந்தால் முன்னுக்கும் தள்ளுங்கள். கிடைமட்டத்தில் நின்றுவிட்டால் போதாது. மூக்கை மேலே தூக்கி விட்டுப் பாருங்கள். பின்பக்கமாகவே சாய்ந்துகொண்டு போனால் லென்ஸ் அச்சுக்கு மேலே இருக்கிறது, தொட்டிலைக் கொஞ்சம் இறக்க வேண்டும். விட்ட இடத்தில் அப்படியே நின்றால் சரி. ஹெட்டில் மாட்டி முன்னும் பின்னும் நகர்த்த உதவும் ஆர்கா-ஸ்விஸ் பள்ளம் இந்த லென்ஸின் காலில் கிடையாது. நீளமான பிளேட் ஒன்று தனியாக வாங்குங்கள், சின்னதில் நகர்த்த இடம் போதாது.

குளத்தங்கரை சரிவாக இருப்பதால் ட்ரைபாட் கால்களை ஏற்றி இறக்கி மட்டம் பார்ப்பதற்கே எனக்கு ஐந்து நிமிடம் ஆகிறது. மட்டம் தவறினால் பறவையைத் தொடரும்போது அடிவானம் சாய்ந்துகொண்டே போகும். நடுத்தண்டை உயர்த்தவே உயர்த்தாதீர்கள், 500-இல் அந்த ஆட்டம் அப்படியே படத்தில் தெரியும். வீடியோதான் முக்கியம் என்பவர்கள் குலுங்காமல் சீராகத் திரும்பும் ஃப்ளூயிட் ஹெட் பார்க்கலாம்.

போன தையில் வாத்துகள் கிளம்பியபோது, இரண்டு விரலால் லென்ஸைத் தள்ளிக்கொண்டே கூட்டத்தை வடக்குக் கரைவரை தொடர்ந்தேன். ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை.

ஒன்பது மணிக்கு மேல் வெயில் சூட்டில் தண்ணீருக்கு மேலே காற்று நெளிந்து, படம் கலங்கத் தொடங்கும். அதற்கு எந்த லென்ஸாலும் பதில் சொல்ல முடியாது. ட்ரைபாடை வண்டியில் கட்டிவிட்டு, லென்ஸை 200-க்குச் சுருக்கிக் கையில் பிடித்தபடி ஊருக்குள் நடப்பேன். வெயில் ஏற ஏற, நாரைகள் சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடிக்கும் நேரம் அது.